எதிரி நாடு சோதனைக்கு விடும் ஏவுகணையை வழியிலேயே சுட்டு வீழ்த்தலாமா?

செங்காந்தள்:

எங்கள் வீட்டில் இரண்டு நாளாக இதே பேச்சுதான். வட கொரியா ஜப்பானுக்கு மேலாக ஏவுகணை விட்டதைப் பற்றி அப்பா எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தனை போர்க்கப்பலும் ரேடாரும் வைத்துக்கொண்டு ஜப்பான் ஏன் அதை அடிக்கவில்லை?" என்று கேட்டேன். "அடித்தால் சண்டை மூளும், சட்டமும் இடம் கொடுக்காது" என்றார். எனக்கு அது ஒப்பவில்லை.

1998 ஆகஸ்ட் 31 அன்று வட கொரியாவின் தேபோதோங் ஏவுகணை ஜப்பானைத் தாண்டிப் பறந்தது. 2017-இல் அவர்களின் ஹ்வாசோங்-12 ஏவுகணை இரண்டு முறை தாண்டியது. 2022 அக்டோபர் 4 அன்று மறுபடியும் ஒன்று. இதில் பின்னால் வந்த மூன்றுக்கும் முன்பாக 2006-இலேயே ஐ.நா. பாதுகாப்பு அவை தீர்மானம் 1718 போட்டு, இனி ஏவுகணை எதுவும் விடக்கூடாது என்று வட கொரியாவுக்குக் கட்டளையிட்டாயிற்று. தடை செய்யப்பட்ட ஒரு பொருள் என் வீட்டுக் கூரைக்கு மேலே பறக்கிறது. அதை வீழ்த்த எனக்கு உரிமை கிடையாதா? போரில் வரும் ஏவுகணையைப் பற்றி நான் கேட்கவில்லை, அதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. சோதனை என்று சொல்லி விடுவதைப் பற்றித்தான் கேட்கிறேன். சட்டம் படித்தவர்களும் துறையில் இருந்தவர்களும் கொஞ்சம் பொறுமையாக விளக்குங்கள்.

காவிரிக்கரை:

நான் உங்கள் பக்கம். கையில் அரிவாளோடு ஒருவன் தினமும் நம் வீட்டுச் சுவர் மேல் நடக்கிறான். "சும்மா பழகிப் பார்க்கிறேன்" என்கிறான். அவன் சறுக்கிக் குழந்தை மேல் விழும் வரைக்கும் காத்திருக்கச் சொல்வது என்ன சட்டம்? 12 கோடிப் பேர் வாழும் நாடு அது. எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அவர்கள் தலைக்கு மேலே அணுகுண்டு சுமக்கக்கூடிய ஒன்றை அனுப்புவதே ஒரு மிரட்டல். ஐ.நா. சாசனம் பலப் பிரயோகத்தை மட்டுமா தடுக்கிறது? பலத்தைக் காட்டி மிரட்டுவதையும் சேர்த்தே தடுக்கிறது. முதலில் சட்டத்தை மீறியவன் வட கொரியா.

வழக்காடி:

செங்காந்தள், உங்கள் கேள்வியில் "கூரைக்கு மேலே" என்று ஒரு சொல் இருக்கிறது. பாதி வழக்கு அந்தச் சொல்லில்தான் அடங்கியிருக்கிறது, அங்கேயே தொடங்குகிறேன்.

1944 சிகாகோ உடன்படிக்கையின் முதல் பிரிவுப்படி, தன் நிலத்துக்கும் கடல் எல்லைக்கும் மேலுள்ள வான்வெளி முழுக்க அந்த நாட்டுக்குச் சொந்தம். கடல் எல்லை என்பது கரையிலிருந்து 12 கடல் மைல், சுமார் 22 கிலோமீட்டர். அந்த வான்வெளிக்குள் அனுமதியில்லாமல் ஒரு ஏவுகணை நுழைந்தால் அதை வீழ்த்த ஜப்பானுக்கு உரிமை உண்டு. 2024 ஏப்ரலில் இஸ்ரேலை நோக்கி ஈரான் அனுப்பிய ட்ரோன்கள் தன் வான்வெளிக்குள் வந்தபோது ஜோர்டான் சுட்டு வீழ்த்தியதே, அதற்கு முதல் நியாயம் இதுதான்.

ஆனால் வான்வெளி மேலே எதுவரை போகிறது? இங்கேதான் சிக்கல். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின்படி விண்வெளியை எந்த நாடும் தனதென்று சொந்தம் கொண்டாட முடியாது. வான்வெளி முடிந்து விண்வெளி தொடங்கும் உயரம் எது என்று எந்த உடன்படிக்கையும் எழுதி வைக்கவில்லை. 100 கிலோமீட்டர் என்பது பலரும் ஒப்பும் ஒரு கணக்கு, அவ்வளவுதான். ஆனாலும் 500 கிலோமீட்டர் உயரத்தை "எங்கள் வான்வெளி" என்று எந்த அரசும் வாதிடுவதில்லை. 2017 ஆகஸ்ட் 29 அன்று ஹ்வாசோங்-12 போனது சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில். சர்வதேச விண்வெளி நிலையமே சுமார் 400 கிலோமீட்டரில்தான் சுற்றுகிறது. அப்படிப் பார்த்தால் அன்று ஜப்பானின் வான்வெளிக்குள் யாரும் நுழையவில்லை. விழுந்ததும் பொதுக்கடலில்.

அதனால் வான்வெளி அத்துமீறல் என்ற வாதம் இந்த வழக்கில் நிற்காது. தற்காப்பு, பாதுகாப்பு அவைத் தீர்மானம் ஆகிய இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

ஹொக்கைடோ தமிழன்:

நான் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், சப்போரோவில் இருக்கிறேன். 2017 ஆகஸ்ட் 29 அன்று காலை 6:02-க்குக் கைப்பேசி அலறியது. அரசின் அவசர எச்சரிக்கை, ஜே-அலர்ட் என்பார்கள். "ஏவுகணை ஏவப்பட்டுவிட்டது, உறுதியான கட்டடத்துக்குள்ளோ நிலவறைக்குள்ளோ போங்கள்" என்றது. எங்கள் மர வீட்டில் நிலவறை எங்கே இருக்கிறது? மனைவி மகனைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். 6:12-க்கெல்லாம் அது ஹொக்கைடோவின் எரிமோ முனைக்குக் கிழக்கே 1,180 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் விழுந்து முடிந்துவிட்டது. அலறல் வந்ததிலிருந்து பத்தே நிமிடம்.

வழக்காடி ஐயா சொல்லும் 550 கிலோமீட்டர் சரியாகத்தான் இருக்கும். ஆனால் குளியலறையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது தெரியாது. அந்தப் பத்து நிமிடத்துக்கும் சட்டத்தில் ஒரு இடம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இங்குள்ள சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தற்காப்புப் படைச் சட்டத்தில் 82-க்கு 3 என்று ஒரு பிரிவு உண்டு, 2005-இல் சேர்த்தது. ஜப்பானை நோக்கி வரும் ஏவுகணையோ அதுபோன்ற ஒரு பொருளோ விழுந்து உயிருக்கும் உடைமைக்கும் சேதம் வரும் என்றால், அதைத் தம் எல்லைக்கு மேலேயோ பொதுக்கடலுக்கு மேலேயோ அழிக்கலாம். யாரோ போர் தொடுத்தார்கள் என்று அரசு அறிவிக்கத் தேவையில்லை. ஏறக்குறைய காவல்துறை வேலை மாதிரி வைத்திருக்கிறார்கள். 2009 ஏப்ரலில் வட கொரியா செயற்கைக்கோள் என்று சொல்லி ராக்கெட் விட்டபோது இந்தப் பிரிவின் கீழ்தான் உத்தரவு போட்டு, தரையிலிருந்து ஏவுகணையை இடைமறிக்கும் பேட்ரியட் பிஏசி-3 பிரிவுகளை நிறுத்தினார்கள். சுட வேண்டிய தேவை வரவில்லை.

வழக்காடி:

மிக முக்கியமான பிரிவைச் சொல்லிவிட்டீர்கள். கவனியுங்கள், அதில் "சோதனை" என்ற சொல்லும் இல்லை, "எதிரி" என்ற சொல்லும் இல்லை. என் மண்ணில் விழப்போகிறதா என்பது ஒன்றுதான் கேள்வி. முழு ஏவுகணையோ கழன்று விழும் உடைந்த பாகமோ, எதுவானாலும் சரி. ஏவியவரின் நோக்கம் என்ன என்று தேடவே தேவையில்லை. சர்வதேசச் சட்டத்தோடு இது நன்றாகப் பொருந்துகிறது என்பது என் கருத்து. விழப்போகும் ராக்கெட் பாகத்தைத் தடுத்ததற்காக எந்த நாடும் வழக்குப் போட வராது.

தாண்டிப் போகிற ஏவுகணைக்குத்தான் அந்தப் பிரிவில் இடமில்லை. 2017-இல் ஜப்பான் சுடாததற்கு அரசு சொன்ன காரணமும் அதுவே. ஜப்பான் மண்ணில் விழாது என்று கணித்தோம், அதனால் அழிக்கும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றார்கள்.

செங்காந்தள்:

சரி, வான்வெளி வாதத்தை விட்டுவிடுகிறேன். பாதுகாப்பு அவைத் தீர்மானம்? 1718 வெறும் வேண்டுகோள் இல்லையே, சாசனத்தின் ஏழாம் அத்தியாயத்தின் கீழ் வந்தது என்று படித்தேன். 2009-இல் வந்த 1874 இன்னும் இறுக்கி, ஏவுகணைத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தும் எந்த ஏவுதலும் கூடாது என்கிறது. அப்படியானால் பறக்கும்போதே அது சட்டவிரோதப் பொருள். சட்டவிரோதமான ஒன்றைத் தடுப்பது எப்படிச் சட்டவிரோதமாகும்?

வழக்காடி:

நல்ல கேள்வி, வகுப்பறையிலும் முதலில் எழும் கேள்வி.

ஏழாம் அத்தியாயத்துக்குள் இரண்டு கதவுகள் உண்டு. 41-ஆம் பிரிவு ஆயுதம் தொடாத நடவடிக்கைகளுக்கு: தடைகள், வணிக முடக்கம், கப்பல் சரக்குச் சோதனை போன்றவை. 42-ஆம் பிரிவு படைபலத்துக்கு. 1718-ஐ எடுத்துப் பாருங்கள், "41-ஆம் பிரிவின் கீழ்" என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அந்த எண்ணைக் காரணத்தோடுதான் போட்டார்கள், படைபலத்துக்கு இது அனுமதி இல்லை என்று காட்டுவதற்காக. 1990-இல் குவைத்திலிருந்து ஈராக்கை வெளியேற்ற வந்த தீர்மானம் 678-இல் "தேவையான எல்லா வழிகளையும்" கையாள அனுமதி தந்தார்கள். படைபலத்துக்கு அனுமதி என்றால் பாதுகாப்பு அவையின் மொழியில் அப்படித்தான் எழுதுவார்கள். வட கொரியா மீது 2017 டிசம்பரில் வந்த 2397 வரைக்கும் எந்தத் தீர்மானத்திலும் அந்தச் சொற்றொடர் இல்லை. இப்போதைய நிலை இன்னும் பின்னால் போய்விட்டது. 2022 மே மாதம் புதிய தடைகளையே ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ போட்டு நிறுத்தின. தடைகளைக் கண்காணித்த நிபுணர் குழுவின் பதவி நீட்டிப்பையும் 2024 மார்ச்சில் ரஷ்யா வீட்டோ போட்டு முடித்துவைத்தது.

"மீறியவனை நானே தட்டிக்கேட்பேன்" என்பதற்கு எதிர்நடவடிக்கை என்று பெயர். சர்வதேசச் சட்ட ஆணையம் 2001-இல் அரசுகளின் பொறுப்பு குறித்து விதிகளைத் தொகுத்தது. ஒரு நாடு கடமை தவறினால், பாதிக்கப்பட்ட நாடு தன் கடமைகளில் சிலவற்றைப் பதிலுக்கு நிறுத்தி வைக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் 50-ஆம் விதி ஒரு கோடு போடுகிறது. பலப் பிரயோகம் கூடாது என்ற கடமையை மட்டும் எந்தச் சாக்கிலும் நிறுத்தி வைக்க முடியாது. நகராட்சி தடை செய்த கட்டடத்தைப் பக்கத்து வீட்டுக்காரர் போய் இடிக்க முடியாதே, அது மாதிரி.

காவிரிக்கரை:

வழக்காடி சார், ஆளே இல்லாத ஒரு உலோகக் குழாயை நடுக்கடலுக்கு மேலே உடைப்பது "பலப் பிரயோகம்" ஆகிவிடுமா? யாரும் சாகவில்லை. ஒரு பிடி மண்ணையும் யாரும் பிடிக்கவில்லை. எந்த வகையில் வட கொரியாவின் ஆட்சி எல்லைக்கு அது ஆபத்து?

வழக்காடி:

உங்கள் தரப்புக்கு இருப்பதிலேயே பலமான வாதம் இதுதான். நேர்மையாகச் சொல்கிறேன், இதற்குத் தீர்ப்பு கிடையாது. ஏவுகணைச் சோதனையை ஒரு நாடு இடைமறித்து, அது வழக்காகி எந்த நீதிமன்றத்துக்கும் வந்ததில்லை. பக்கத்து உதாரணங்களை வைத்துத்தான் பேச முடியும்.

2019 ஜூன் 20 அன்று ஹோர்முஸ் நீரிணை அருகே அமெரிக்காவின் குளோபல் ஹாக் உளவு ட்ரோனை ஈரான் சுட்டு வீழ்த்தியது. அதிலும் ஆள் இல்லை. எங்கள் வான்வெளிக்குள் வந்தது என்றது ஈரான். சர்வதேச வான்வெளி என்றது அமெரிக்கா. ஆள் இல்லாத பொருள்தானே, பரவாயில்லை என்று அமெரிக்கா சொன்னதா? பதிலடித் தாக்குதலுக்குத் தயாராகிக் கடைசி நேரத்தில்தான் நிறுத்தினார்கள். இரு தரப்புமே இடம் எது என்பதில்தான் மோதினார்கள், ஆள் இருந்தாரா என்பதில் இல்லை. இன்னொன்று, 2003-இல் ஈரானின் எண்ணெய் மேடைகள் வழக்கில் சர்வதேச நீதிமன்றம் சொன்னது. ஒரே ஒரு போர்க்கப்பல் கண்ணிவெடியில் சிக்கினாலும் தற்காப்பு உரிமை எழக்கூடும் என்பதை அது ஒதுக்கிவிடவில்லை. ஒரு நாட்டின் படைக்குச் சொந்தமான பொருள் பொதுக்கடலில் இருந்தாலும் அதை அடிப்பது அந்த நாட்டை அடிப்பதாகலாம் என்றுதானே இதற்கு அர்த்தம்?

வட கொரியாவும் இந்த வாதத்தைத்தான் கையில் எடுக்கிறது. பசிபிக்கில் விழும் எங்கள் சோதனை ஏவுகணையைச் சுட்டால் அது போர்ப் பிரகடனம் என்று 2023 மார்ச்சில் வட கொரியத் தலைவர் கிம் ஜோங்-உன்னின் தங்கை கிம் யோ-ஜோங் அறிக்கை விட்டார். அவர் சொல்வதால் அது சட்டமாகிவிடாது. ஆனால் அந்த அறிக்கை வெறும் சவடாலும் இல்லை.

விண்சுற்று:

ரேடார் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தொழில்நுட்பத்தை விட்டுவிட்டு இந்தச் சட்டத்தைப் பேச முடியாது.

ஏவுகணையை மூன்று இடங்களில் பிடிக்கலாம். எஞ்சின் எரிந்து மேலே ஏறும்போது, விண்வெளியில் தன் வேகத்தில் மிதந்து போகும்போது, கடைசியில் கீழே விழும்போது. முதல் கட்டம் மூன்று முதல் ஐந்து நிமிடம். அப்போது அது பெரும்பாலும் வட கொரியாவின் சொந்த மண்ணுக்கு மேலே அல்லது அதை ஒட்டியே இருக்கும். அங்கே அடித்தால் அது அவர்கள் வான்வெளிக்குள் செய்த தாக்குதல், எந்த வாதமும் காப்பாற்றாது. கடைசிக் கட்டத்தில் பேட்ரியட் மாதிரி ஒன்று சில பத்துக் கிலோமீட்டர் வட்டத்தைத்தான் காக்கும். நடுக்கடலில் போய் விழுவதை அதனால் தொட முடியாது. மீதி இருப்பது நடுக்கட்டம். ஈஜிஸ் ரேடார் பொருத்திய போர்க்கப்பலிலிருந்து எஸ்எம்-3 இடைமறிப்பு ஏவுகணை, அல்லது அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியிலிருந்து அமெரிக்க இடைமறிப்பு ஏவுகணைகள். அலாஸ்காவிலிருந்து கிளம்புவது எந்தத் திசையில் போகும் என்று உலக உருண்டையை வைத்துப் பாருங்கள். ரஷ்யாவின் பக்கம்.

இன்னொரு விஷயம். எஞ்சின் அணைந்த பிறகு ஏவுகணையின் பாதை எறிந்த கல்லின் பாதைதான். வேகமும் திசையும் கிடைத்தால் விழும் இடத்தைக் கணினி சொல்லிவிடும். ஆக "ஜப்பானில் விழாது" என்பது ஒன்றிரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகும் சுட்டால் தற்காப்பு என்று எப்படிச் சொல்வது?

காவிரிக்கரை:

அது எல்லாம் ஒழுங்காக வேலை செய்தால். ரேடார் தப்பாகச் சொன்னால்? சோதனை என்று சொல்லிவிட்டு உண்மையான குண்டையே வைத்து அனுப்பினால்? முனையில் இருப்பது மண்ணா யுரேனியமா என்று ரேடாருக்குத் தெரியாது. 2006 ஜூனில், தேபோதோங்-2 ஏவுதளத்தில் நின்றபோதே, அமெரிக்காவின் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் வில்லியம் பெரியும், பின்னாளில் அதே பதவிக்கு வந்த ஆஷ்டன் கார்ட்டரும் சேர்ந்து, ஏவுவதற்கு முன்பே தளத்தில் வைத்து அழிக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். விவரம் தெரியாத ஆட்கள் இல்லையே அவர்கள்.

ஹொக்கைடோ தமிழன்:

ரேடார் தப்பாகச் சொல்லும் என்பது உண்மைதான் காவிரிக்கரை அண்ணா. ஆனால் அது உங்கள் வாதத்துக்கு எதிராகவே போகிறது. 2022 நவம்பர் 3 அன்று ஏவுகணை ஜப்பானைத் தாண்டிவிட்டது என்று ஜே-அலர்ட் அறிவித்தது. பிறகு தாண்டவே இல்லை என்று திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 13 காலை 7:55-க்கு, ஹொக்கைடோவிலோ சுற்றியோ எட்டு மணிவாக்கில் விழும் என்றார்கள். சப்போரோவில் சுரங்க ரயில் நின்றது. மகன் பள்ளிக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்துக்குள் அந்த வாய்ப்பு இல்லை என்று திரும்பப் பெற்றார்கள். தாண்டாத ஒன்றைத் தாண்டியது என்றும் விழாத ஒன்றை விழும் என்றும் சொன்ன அதே கணிப்பை நம்பி, "எதற்கும் இருக்கட்டும்" என்று சுட ஆரம்பித்தால் என்ன ஆகும்?

பயந்தது நான்தான். இருந்தாலும் சொல்கிறேன், அன்று சுடாதது நல்லது.

வழக்காடி:

பெரி, கார்ட்டர் யோசனைக்குச் சட்டத்தில் பழைய அளவுகோல் ஒன்று உண்டு. 1837 டிசம்பரில் நயாகராவில் கரோலைன் என்ற அமெரிக்கப் படகை கனடாவிலிருந்து வந்த பிரிட்டிஷ் படை கொளுத்தியது. தற்காப்பு என்றார்கள். அதற்கு 1841-இல் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் டேனியல் வெப்ஸ்டர் எழுதிய பதில் இன்றைக்கும் நிற்கிறது. அடிக்கு முன்பே அடிக்க வேண்டுமானால், தேவை உடனடியானதாகவும் வேறு வழிக்கு இடம் தராததாகவும் யோசிக்கவும் நேரமில்லாததாகவும் இருக்க வேண்டும் என்றார். ஏவுதளத்தில் நிற்கும் சோதனை ராக்கெட் அப்படிப்பட்டது இல்லை. 1981 ஜூன் 7 அன்று ஈராக்கின் ஒசிராக் அணு உலையை இஸ்ரேல் குண்டு வீசி அழித்தபோது, பாதுகாப்பு அவை தீர்மானம் 487-இல் அதைக் கண்டித்தது. அமெரிக்காவும் ஆதரித்து வாக்களித்தது.

குண்டு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத நிலையில் என்ன செய்வது என்றால், விழும் இடத்தைப் பார்ப்பதுதான். ஜப்பான் நிலத்தை நோக்கி வந்தால், உள்ளே இருப்பது வெறும் மண்ணே ஆனாலும் சுடலாம். ஆளில்லாக் கடலை நோக்கிப் போனால், உள்ளே எது இருந்தாலும் அது ஜப்பான் மீதான ஆயுதத் தாக்குதல் இல்லை.

பனிநிலவு:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து நோர்வேயில் முப்பது வருசமாக இருக்கிறன். இதை வாசிக்கேக்க எனக்கு 1995 ஜனவரி 25 ஞாபகம் வந்தது. வடக்கிலே ஆண்டேயா என்ற இடத்திலிருந்து, துருவ ஒளியை ஆராய்கிறதுக்கு விஞ்ஞானிகள் ஒரு ராக்கெட் விட்டவை. ஆயுதமில்லை, வெறும் ஆய்வுக் கருவி. ரஷ்ய ரேடாரில் அது நீர்மூழ்கியிலிருந்து வந்த அமெரிக்க ட்ரைடென்ட் ஏவுகணை போலத் தெரிஞ்சது. ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் அணு ஆயுத உத்தரவுப் பெட்டியைத் திறக்கிற அளவுக்குப் போயிட்டுது. கடைசியிலே அது ஸ்பிட்ஸ்பெர்கன் பக்கம் கடலிலே விழுந்தது.

நோர்வே முன்கூட்டியே ரஷ்யா உள்பட எல்லா நாடுகளுக்கும் அறிவிச்சிருந்தது. அந்தத் தகவல் ரேடாரில் இருந்த ஆட்களுக்குப் போய்ச் சேரேல்லை. அறிவிச்சும் இப்படியென்றால், அறிவிக்காமல் விடுகிறதையும் அதைப் பார்த்துப் பதிலுக்கு இன்னொன்று விடுகிறதையும் யோசிச்சுப் பாருங்கோ. பசிபிக்கிலே ஜப்பான் அல்லது அமெரிக்கக் கப்பலிலிருந்து கிளம்புகிற இடைமறிப்பு ஏவுகணையைப் பியோங்யாங்கிலே இருக்கிற ரேடார்காரன் என்னெண்டு நினைப்பான்?

முத்துநகர் மாலுமி:

வணிகக் கப்பலில் அதிகாரி. வான்கூவரிலிருந்து தானியம் ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் பலமுறை போயிருக்கிறேன். அலூஷியன் தீவுகளை ஒட்டி வளைந்து, ஹொக்கைடோவுக்குக் கீழே சுகாரு நீரிணை வழியாக நுழைவோம். எரிமோ முனைக்குக் கிழக்கே ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்பது உங்களுக்கு வெறும் கடல். எங்களுக்கு அது பாதை.

இந்த இழையில் எல்லாரும் "ஆளில்லாக் கடல்" என்று எழுதுகிறீர்கள். கொஞ்சம் வலிக்கிறது. 200 மீட்டர் நீளக் கப்பலில் இருபது பேர் இருப்போம், மீன்பிடிப் படகுகளும் இருக்கும்.

எங்களுக்கு முன்னறிவிப்பு எப்படி வரும் என்று சொல்கிறேன். உலகக் கடலை நாவேரியா என்று பகுதி பகுதியாகப் பிரித்திருக்கிறார்கள். வங்காள விரிகுடா எட்டாம் பகுதியில் வருகிறது. டேராடூனில் உள்ள நம் கடற்படையின் நீர்ப்பரப்பு அலுவலகம்தான் அதன் ஒருங்கிணைப்பாளர். ஒடிசா கடற்கரையில் அக்னி சோதனை என்றால் நாள், நேரம், நான்கைந்து புள்ளிகளின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் செய்தியாக வரும். நாங்கள் வரைபடத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, அதைச் சுற்றிக்கொண்டு போவோம். விமானங்களுக்கு நோட்டம் (NOTAM) என்ற அறிவிப்பு தனியாகப் போகும். ஜப்பான் பக்கம் பதினோராம் பகுதி, ஜப்பான் கடலோரக் காவல் படை பார்க்கிறது. வட கொரியா ஏவுகணை விட்டால் அவர்கள் அனுப்பும் செய்தி, ஏவிய பிறகுதான் வரும். "விழும் பொருள் எதையாவது பார்த்தால் அருகே போகாதே, தகவல் சொல்." முன்கூட்டியே கட்டம் கிடையாது, நேரம் கிடையாது. செயற்கைக்கோள் என்று சொல்லி விடும்போது மட்டும் சில தடவை வட கொரியா முன்னால் தேதியும் இடமும் கொடுத்திருக்கிறது. ஏவுகணை என்றால் கொடுப்பதில்லை.

பொதுக்கடல் சுதந்திரத்தை எல்லாரும் பயன்படுத்தலாம், ஆனால் அடுத்தவர் நலனுக்கு உரிய மதிப்புக் கொடுத்துத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கடல் சட்ட உடன்படிக்கையின் 87-ஆம் பிரிவு சொல்கிறது. வட கொரியா செய்வதில் சட்டவிரோதம் எங்கே என்று என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் காட்டுவேன்.

வழக்காடி:

மாலுமி அவர்களே, மன்னிக்கவும். "ஆளில்லாக் கடல்" என்று நான்தான் எழுதினேன், தவறு. அந்த 87-ஆம் பிரிவை நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு கப்பலையோ விமானத்தையோ நோக்கி ஏவுகணை விழுகிறது என்று தெரிந்தால், கடலானாலும் இடைமறிப்பதற்கு நல்ல நியாயம் உண்டு என்றும் சேர்த்துக்கொள்கிறேன்.

செங்காந்தள்:

விண்சுற்று ஐயா, மாலுமி அண்ணா அக்னியைச் சொன்னதும் ஒன்று தோன்றுகிறது. நான் கேட்கும் உரிமை ஜப்பானுக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் இருக்கும்தானே? இந்தியப் பெருங்கடலில் விழும் நம் ஏவுகணையை யாராவது அடித்தால்?

விண்சுற்று:

அதைத்தான் எழுத வந்தேன் அம்மா. 1998-இல் இந்தியா பொக்ரானிலும் பாகிஸ்தான் சாகாயிலும் அணுகுண்டு சோதித்த பிறகு பாதுகாப்பு அவை ஜூன் 6 அன்று தீர்மானம் 1172 போட்டது. அணுகுண்டு சுமக்கும் ஏவுகணைகளை உருவாக்குவதை நிறுத்துங்கள் என்று இந்தியாவையும் பாகிஸ்தானையும் அதில் கேட்டுக்கொண்டார்கள். அது ஏழாம் அத்தியாயத்தின் கீழ் வரவில்லை, அதனால் வட கொரியத் தீர்மானத்தின் வலு அதற்கில்லை. இருந்தும் 2016 டிசம்பரில் நாம் அக்னி-5 சோதித்தபோது, இந்தியா இப்படிப்பட்ட ஏவுகணை செய்யலாமா என்பதில் பாதுகாப்பு அவையின் விதி தெளிவாக இருக்கிறது என்று சீன வெளியுறவுத் துறை பேசியது. "பாதுகாப்பு அவை சொல்லிவிட்டது, ஆகவே நான் சுடுவேன்" என்ற வாசகத்தைச் சட்டமாக்கினால் அது நாளை யார் வாயிலிருந்து வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

2024 செப்டம்பர் 25 அன்று சீனாவே 44 ஆண்டுகளுக்குப் பிறகு கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைப் பசிபிக்கில் விட்டது. சில நாடுகளுக்கு முன்கூட்டிச் சொன்னது. ஏவுகணை பற்றித் தனக்கு முன்னறிவிப்பு வரவில்லை என்று ஜப்பான் கவலை தெரிவித்தது. அதைச் சுடலாமா என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவும் கலிபோர்னியாவிலிருந்து பசிபிக்கின் குவாஜலீன் தீவுக்கு மினிட்மேன் ஏவுகணையை ஆண்டுதோறும் விடுகிறது.

இந்தியாவும் பாகிஸ்தானும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன. 2005 அக்டோபர் 3 அன்று இஸ்லாமாபாத்தில் ஒரு உடன்பாடு கையெழுத்தானது. பாலிஸ்டிக் ஏவுகணைச் சோதனை, அதாவது எறிந்த கல் போல வளைந்து போய் விழும் வகையின் சோதனை என்றால் குறைந்தது மூன்று நாள் முன்பு தெரிவிக்க வேண்டும். ஏவும் இடம் எல்லையிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கக்கூடாது, விழும் இடம் 75 கிலோமீட்டருக்குள் இருக்கக்கூடாது. கார்கில் நடந்து ஆறே ஆண்டில் இதைச் செய்தார்கள். அதில் ஒரு ஓட்டையும் உண்டு. விமானம் போலத் தாழப் பறக்கும் குரூஸ் ஏவுகணைகள் அதில் சேராது. 2022 மார்ச் 9 அன்று நம் பிரம்மோஸ் குரூஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் மியான் சன்னு அருகே போய் விழுந்தது. அதற்காக நம் விமானப்படை மூன்று அதிகாரிகளைப் பணிநீக்கம் செய்தது. அன்று பாகிஸ்தானுக்குச் சுட முழு உரிமை இருந்தது, அவர்கள் வான்வெளி, அவர்கள் மண். சுடவில்லை, பதிலடியும் இல்லை. அன்று நாம் எல்லாரும் எவ்வளவு அருகில் இருந்தோம் என்று நினைத்தால் இன்றும் எனக்குத் தூக்கம் கெடும்.

காவிரிக்கரை:

அக்னி விஷயம் என்னை யோசிக்க வைத்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன். நடுக்கடலில் விழும் சோதனையைத் தீர்மானத்தைக் காட்டிச் சுட முடியாது, சரி. ஆனால் பசிபிக்கில் உள்ள அமெரிக்கத் தீவான குவாமை என்ன செய்வீர்கள்? 2017 ஆகஸ்டில் நான்கு ஹ்வாசோங்-12 ஏவுகணைகளை ஷிமானே, ஹிரோஷிமா, கோச்சி மாகாணங்களுக்கு மேலாக அனுப்பி, குவாமுக்கு 30, 40 கிலோமீட்டர் தள்ளிக் கடலில் போடுவோம் என்று வட கொரியா திட்டமே அறிவித்தது. கடல் எல்லை 22 கிலோமீட்டர். கணக்குப் போட்டு எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறான். வழக்காடி சாரின் விதிப்படி அதையும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டுமா?

வழக்காடி:

இல்லை. அங்கே நான் உங்களோடு நிற்கிறேன்.

3,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து வரும் ஏவுகணை, அதுவும் அப்போதுதான் சோதனைக்கு வந்த ஒன்று, 30 கிலோமீட்டர் பிசகுவது பெரிய விஷயமே இல்லை. விழும் இடம் கடலா ஊரா என்று ரேடாரால் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாத தூரம் அது. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் மக்கள் வாழும் தீவு. தாக்குவேன் என்று முன்னால் அறிவித்து, நான்கை ஒன்றாக அனுப்பினால், "சோதனை" என்ற பெயர்ப்பலகையை அமெரிக்கா நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. வெப்ஸ்டரின் அளவுகோலே அங்கே நிறைவேறிவிடும்.

ஜப்பானுக்கு அது கடினமான கேள்வி. 2014-இல் அன்றைய பிரதமர் அபேயின் அரசு அரசியலமைப்புக்குப் புது விளக்கம் தந்து, 2015-இல் சட்டமாக்கியது. நெருங்கிய நட்பு நாடு தாக்கப்பட்டு, அதனால் ஜப்பானின் இருப்புக்கே ஆபத்து என்றால் மட்டும் கூட்டுத் தற்காப்பு செல்லும். குவாம் மிரட்டல் வந்தபோது பாதுகாப்பு அமைச்சர் ஒனோதெரா நாடாளுமன்றத்தில், அந்த நிலைக்கு இது பொருந்தக்கூடும் என்று பதில் சொன்னார். என்னைக் கேட்டால் அது இழுத்துப் பொருத்திய விளக்கம். குவாமைக் காக்கும் உரிமை அமெரிக்காவுக்குத் தெளிவாக இருக்கிறது. அமெரிக்கா கேட்டுக்கொண்டால் ஐ.நா. சாசனப்படி ஜப்பானும் உதவலாம். ஜப்பானின் சொந்தச் சட்டம் அந்த அளவுக்கு நீளுமா என்பது அவர்கள் நீதிமன்றமும் மக்களும் முடிவு செய்ய வேண்டியது.

செங்காந்தள்:

அப்பாவிடம் முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். ஜெயித்தது அவர்தான். குவாம் பகுதி வந்ததும் மட்டும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அதை மறுபடி வாசி" என்றார்.

ஹொக்கைடோ தமிழன்:

அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள். முடிக்கும் முன் இன்னொரு நிகழ்வையும் சேர்த்துவிடுகிறேன். 2023 நவம்பரில் வட கொரியா உளவு செயற்கைக்கோள் ஏவுவதாக ஜப்பான் கடலோரக் காவல் படைக்குத் தேதிகளைத் தெரிவித்தது. தெரிவித்த காலத்துக்குச் சில மணி நேரம் முன்பே, 21-ஆம் தேதி இரவு ஏவிவிட்டது. ஒகினாவா தீவுக்கும் மியாகோ தீவுக்கும் நடுவே தாண்டியது. ஒகினாவா முழுக்க ஜே-அலர்ட். முன்கூட்டியே அந்தப் பகுதித் தீவுகளில் பிஏசி-3 பிரிவுகளை நிறுத்தியிருந்தார்கள். சுடவில்லை. அங்கே வேலை பார்க்கும் நண்பரை உடனே அழைத்தேன். இரண்டு குழந்தைகளோடும் மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்.